ஒரு விரலின் கீழ் இரண்டு தந்திகள்

தொட்டியத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்து மூலையில், வாழைத்தோட்டத்துக் கணக்கு நோட்டுகளை அடுக்கியிருந்த மர அலமாரியை ஒட்டி, பழைய வேஷ்டியில் தைத்த உறையைப் போர்த்துக்கொண்டு ஒரு தம்புரா சாய்ந்து நிற்கும். விளக்கு வைத்த பிறகு தெருப் பெண்கள் நாலைந்து பேர் பாட்டுச் சொல்லிக்கொள்ள வந்து உட்கார்ந்ததும், அத்தை அந்த உறையைக் கழற்றி, பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகி, பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்னும் நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதில் பாதியை விழுங்குவது குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகியிருக்கும் ஜீவாளி நூல்தான். நூலை ஒரு மயிரிழை இப்படித் தள்ளினால் தந்தி கட்டை போல ஒலிக்கும். அப்படித் தள்ளினால், மூடியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல, ஒரே தந்தியிலிருந்து பல சுரங்கள் ரீங்காரமிட்டுக்கொண்டு கிளம்பும்.

ஒரு நாள் அந்த நூல் அறுந்துபோயிற்று. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வாழை நாருக்குப் பஞ்சமில்லையாதலால், பூத்தொடுக்க வைத்திருந்த நாரில் ஒன்றைக் கிழித்து நானே செருகிவிட்டு, என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு நின்றேன். அத்தை தந்தியை ஒருமுறை மீட்டிப் பார்த்தாள்.

“நாரு பூக்கட்டத்தான்டா ஆகும். இது தடியா இருக்கு, தந்திய அமுக்கிடுது. தையல் பொட்டியில இருந்து நூலு ஒண்ணு எடுத்துட்டு வா.”

பிற்காலத்தில் பௌதிக சாஸ்திரம் படித்தபொழுதுதான், அந்த நாருக்கும் நூலுக்கும் இடையே இருந்த வித்தியாசத்துக்குள், உலகத்து ஜனங்கள் இரட்டைத் தந்தி வாத்தியங்களைக் கட்டும்பொழுதெல்லாம் எதிர்கொண்ட ஒரு பிரச்சினையின் பாதி அடங்கியிருந்தது என்பது எனக்கு விளங்கிற்று. மற்றப் பாதி விளங்கியது, அதே வீட்டில் இருந்த ஒரு விளையாட்டு வாத்தியத்தால்.

தொட்டியம் மதுரகாளியம்மனுக்குப் பங்குனியில் நடக்கும் திருவிழாவில் தேரை வடம் பிடித்து இழுப்பதில்லை, தோளிலே சுமப்பார்கள். அந்தக் கூட்டத்து நெரிசலில், பலூனும் ஊதலும் விற்கும் கடைகளுக்கு நடுவே, எனக்காக வாங்கியது ஒரு புல்புல்தாரா. நீண்ட பெட்டியின் மேல் டைப்ரைட்டரின் கட்டைகளைப் போன்ற கட்டைகள் வரிசையாக இருக்கும். இடக்கையால் கட்டையை அழுத்தி, வலக்கையால் தந்திகளைச் சேர்த்து வருடினால் பாட்டு வரும். 1912ஆம் ஆண்டு ஜப்பானில் நகோயா நகரத்து மொரிதா கோரோ என்பவர் செய்த ‘தைஷோகோத்தோ’ என்னும் வாத்தியத்தின் வம்சம் அது. நம் நாட்டுக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டு, கவாலிக் கோஷ்டியிலும் தெருப்பாட்டிலும் நுழைந்து, திருவிழாக் கடை வரைக்கும் இறங்கிவிட்டது. இதில் பாட்டுக்குரிய தந்திகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு கட்டையை அழுத்தினால் அவை எல்லாவற்றின் மேலும் ஒருங்கே விழும். அந்தத் தந்திகளை ஒரே சுரத்தில் சேர்ப்பவர் உண்டு. ஒன்றை மற்றதற்கு ஒரு ஸ்தாயி கீழே வைத்துச் சேர்ப்பவரும் உண்டு. என்னுடையதில் இரண்டாவது விதம். கட்டையை அழுத்தினால் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து பாடுவது போல ஒரு சுரம் இரண்டு உயரத்தில் கேட்கும். அந்தக் கனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் இரண்டு சுரங்கள் ஏன் இவ்வளவு இயல்பாக ஒன்றிவிடுகின்றன? விநாடிக்கு 100 தடவை அதிரும் ஒரு தந்தி, அந்த 100 என்னும் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களையும் உடன் எழுப்புகிறது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள தந்தியின் அதிர்வெண் 200; அதன் மேற்சுரங்கள் 400, 600, 800. இந்த இரண்டாவது வரிசையில் உள்ள எண் ஒவ்வொன்றும் முதல் வரிசையிலும் இருப்பதைக் காணலாம். மேல் தந்தி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. கீழ்த் தந்தியினுள் முன்பே இருந்த இரட்டைப்படைச் சுரங்களைத் தூக்கி நிறுத்துகிறது. ஆகையால்தான் காது அதை இரண்டாவது ஆளாக எண்ணாமல், முதல் ஆளின் குரல் தெளிந்துவிட்டதாகவே எண்ணுகிறது. பஞ்சமத்தைப் பக்கத்தில் வைத்தால் 150, 300, 450 என்று வரும். அதில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் சேரும், மற்றவை தனித்து நிற்கும். அதுவும் இனிமையே, எனினும் அது இன்னொருவருடைய குரல்.

அந்த ஸ்தாயித் துணையை ஒரே நீளத்தில் பக்கத்தில் கட்ட வேண்டுமானால் என்ன செய்வது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிதாகொரஸ் கருமான் பட்டறையின் வழியே நடந்தபொழுது சம்மட்டிகளின் எடையில் ஸ்தாயியின் விகிதத்தைக் கண்டார் என்றும், இரண்டு மடங்கு எடையைத் தந்தியில் தொங்கவிட்டால் ஸ்தாயி ஏறும் என்றும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நம்பிவந்தார்கள். யாரும் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை போலும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் லூட் என்னும் தந்தி வாத்தியத்தை வாசிப்பவராகிய வின்சென்ஸோ கலிலி தொங்கவிட்டுப் பார்த்து, இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று சொன்னார். அவருடைய மகன்தான் தூரதரிசினியை வானத்தின்மேல் திருப்பிய கலிலியோ. சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் குணம் அந்த வீட்டில் தந்திவாத்தியத்தோடுதான் குடியேறியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். பிறகு 1636இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதையெல்லாம் விதிகளாக வகுத்தார். ஸ்தாயி ஒன்று ஏறத் தந்தியின் நீளம் பாதியாக வேண்டும். அல்லது இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். அல்லது எடை நாலில் ஒன்றாக, அதாவது அதே உலோகமானால் விட்டம் பாதியாக வேண்டும். 0.8 மில்லிமீட்டர்க் கம்பிக்கு அருகில் 0.4 மில்லிமீட்டர்க் கம்பியை அதே நீளத்தில் அதே இழுவிசையில் கட்டினால் ஸ்தாயி ஜோடி தயார்.

ஐரோப்பியர்கள் லூட்டின் கீழ்த்தந்திகளுக்கு இப்படி ஒரு மெல்லிய துணையைக் கட்டிவைத்ததற்குக் காரணம் அலங்காரமன்று. அவர்களுடைய தந்தி ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. கீழ் ஸ்தாயிக்குப் போகப்போக நரம்பைத் தடிப்பாக்க வேண்டும். தடித்த நரம்போ கயிற்றின் குணத்தை விட்டுக் கோலின் குணத்தை அடையத் தொடங்கும். அது எளிதில் வளையாது. நுண்ணிய அலைகளாக நெளிய வேண்டிய மேற்சுரங்கள் சீக்கிரம் மடிந்துபோகும். மடியாதவையும் சரியான மடங்கில் நிற்காமல் சற்றே உயர்ந்து விலகும். மிச்சம் நிற்பது பிரகாசமில்லாத ஒரு முனகல். அதன் பக்கத்தில் மெல்லிய தந்தியை ஒரு ஸ்தாயி மேலே சேர்த்துக் கட்டினால், தடித்ததனுள் மடிந்துபோன 200ஐயும் 400ஐயும் மெல்லியது கடன்கொடுக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நரம்பின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் வித்தை பரவி, வளைவுத்தன்மை கெடாமல் எடையை மட்டும் ஏற்ற முடிந்தபொழுது, இந்தக் கடனின் அவசியம் பெரும்பாலும் குறைந்தது. ஆனால் காதுக்குப் பழகிப்போன மினுமினுப்பை விட மனமின்றிப் பல நாட்டுப்புற வாத்தியங்கள் அதை வைத்துக்கொண்டன. கிரேக்கர்களுடைய நான்கு ஜோடி பூஸூக்கியில் கீழ் இரண்டு ஜோடிகள் இன்றும் ஸ்தாயி ஜோடிகள். மேல் இரண்டு ஜோடிகள் ஒரே சுரம்.

மேல் ஜோடிகளுக்கு ஏன் ஸ்தாயித் துணை இல்லை? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்பியை இன்னும் மெல்லியதாக்கி இன்னும் மேலே ஏற்றலாமே என்று தோன்றும். மெல்லிய கம்பிக்கு எடை குறைவு என்பது மெய்; அதே அளவுக்கு அதன் வலுவும் குறைவு என்பதும் மெய். இரண்டும் கம்பியின் குறுக்கு வெட்டுப் பரப்பையே பின்பற்றுவதால், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டுபோய், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் எஃகுக் கம்பி அறுந்துபோகும் சுருதி, அது தடிப்போ மெலிவோ, ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள கிதாரில் அந்த எல்லை சுமார் 430 முதல் 470 அதிர்வுகள். பன்னிரண்டு தந்திக் கிதாரின் ஆறு ஜோடிகளில் கீழ் நான்குக்கு மட்டும் ஸ்தாயித் துணை கட்டி, மேல் இரண்டை ஒரே சுரமாக விட்டுவிட்டார்களே, அது ரசனையால் மட்டும் ஏற்பட்ட ஏற்பாடன்று: மேலிருந்து மூன்றாவது தந்திக்கு 196 அதிர்வு, அதன் துணைக்கு 392, அது எல்லைக்குள் நிற்கும்; இரண்டாவது தந்திக்கு 247, துணை 494 ஆக வேண்டும், அதற்குள் அறுந்துவிடும். அந்த 392 அதிர்வுக் கம்பிதான் எல்லோருக்கும் முதலில் அறுவது என்பதைப் பன்னிரண்டு தந்திக் கிதார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு ஒரு பழைய மாண்டலின் கிடைத்தது. நான்கு ஜோடி, எட்டுத் தந்தி, நீளம் 35 சென்டிமீட்டர். மேலைநாட்டு வழக்கப்படி ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுரத்தில் சேர்க்க வேண்டியது. கீழ் ஜோடிக்கு விநாடிக்கு 196 அதிர்வு. அந்தக் கீழ் ஜோடி துருப்பிடித்து அறுந்துபோகவே, முசிறி, குணசீலம் வழியாகப் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், ஒரு வாத்தியக் கடையில் கேட்டேன். சுற்றுக்கம்பி கைவசம் இல்லையென்று கடைக்காரர் ஒரு தடித்த எஃகுக் கம்பியையும், அதற்குத் துணையாக ஒரு மெல்லிய கம்பியையும் அளந்து வெட்டி, “இதை ஸ்தாயி வெச்சுக் கட்டிக்கங்க தம்பி, எடுப்பா இருக்கும்” என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார். புல்புல்தாராவின் ஞாபகம் எனக்கும் இருந்தபடியால் மறுவார்த்தை பேசாமல் வாங்கிவந்து கட்டினேன். திறந்த தந்தியாக மீட்டியபொழுது கடைக்காரரை மனத்துக்குள் வாழ்த்தினேன், அவ்வளவு எடுப்பு. தந்தியை மெட்டின்மேல் அழுத்தியபொழுது ஏதோ நெருடிற்று. தோடியில் காந்தாரத்தை அசைக்கத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தேனோ இல்லையோ, இரண்டு தந்திகளும் இரண்டு வேறு ராகங்களுக்குப் புறப்பட்டுவிட்டன.

அத்தை உள்ளேயிருந்து கையில் அரிவாள்மணைத் தேங்காயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடா இது, ரெண்டு பேரு சண்டை போடறாப்ல இருக்கு?”

“ஸ்தாயி கட்டியிருக்கேன் அத்தை. உன் சாரணியும் மந்தரமும் மாதிரிதான்.”

“சாரணியும் மந்தரமும் அக்கா தங்கச்சிடா. ஒரே வீட்டுல இருக்கலாம். ஒரே பாயில படுக்க வெச்சா விடிய விடிய உதைச்சுக்கும்.”

இதன் காரணத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்க எனக்குப் பின்னும் ஓராண்டு ஆயிற்று. தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் கால் விரற்கடை இழுத்தால் அது சிறிது நீளுகிறது. நீண்டதனால் இழுவிசை ஏறுகிறது. இழுவிசை ஏறியதனால் சுருதி ஏறுகிறது. நம் கமகத்தின் பௌதிகம் இவ்வளவே. ஒரே விரலால் இழுக்கும்பொழுது இரண்டு தந்திகளும் ஏறக்குறைய ஒரே அளவு நீளுகின்றன. ஆனால் 0.8 மில்லிமீட்டர்க் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.4 மில்லிமீட்டர்க் கம்பியின் பரப்பைப் போல நான்கு மடங்கு. ஆகவே அதே அளவு நீள்வதற்கு அது நான்கு மடங்கு எதிர்த்து இழுக்கிறது. தொடக்கத்தில் இரண்டுக்கும் இருந்ததோ ஒரே இழுவிசை. மெல்லியதன் இழுவிசை நூற்றுக்கு 12 ஏறும்பொழுது தடித்ததன் இழுவிசை நூற்றுக்கு 48 ஏறிவிடுகிறது. சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதாகையால், மெல்லியது நூற்றுக்கு 6 அளவும் தடித்தது நூற்றுக்கு 22 அளவும் உயர்கின்றன. சங்கீத பாஷையில் சொன்னால், ஷட்ஜத்திலிருந்து புறப்பட்ட மெல்லிய தந்தி சுத்த ரிஷபத்தை அடையும் அதே கணத்தில், தடித்த தந்தி சாதாரண காந்தாரத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. தடித்தது சோம்பேறி, மெதுவாகத்தான் நகரும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு நேர் விரோதம்.

கடைக்காரரிடம் சுற்றுக்கம்பி இருந்திருந்தால் இந்தக் கலகம் இவ்வளவு முற்றியிராது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சுற்றுக்கம்பியில் இழுப்பைத் தாங்குவது உள்ளே ஓடும் மெல்லிய எஃகு மட்டுமே. மேலே சுற்றியிருப்பது வெறும் சுமை. உட்கம்பியின் விட்டமும் துணைத்தந்தியின் விட்டமும் நெருங்கியிருந்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறும். அப்பொழுதும் ஒரு சிறு தொல்லை மிஞ்சும்: விரல் முதலில் முட்டும் தந்தி முன்னே நகர, அடுத்தது ஒரு நொடி பிந்தி நகர்வதால், இரண்டும் அணுவளவு விலகி நிற்கும். 400 அதிர்வும் 403 அதிர்வும் ஒருங்கே ஒலித்தால் விநாடிக்கு மூன்று தடவை ஒலி ஏறி இறங்கும். இதைத்தான் விம்மல் என்கிறோம். ஒரே சுரத்து ஜோடிக்கும் இந்தத் தொல்லை உண்டு. நடனப் பாட்டுகளைத் துரிதமாக மீட்டும் வாத்தியத்தில் அந்த விம்மலே ஒரு ஜிலுஜிலுப்பாகிவிடும். ஸ்தாயி ஜோடிகளைக் கொண்டிருந்த கிரேக்க பூஸூக்கியை 1960களில் ஜானி மொய்னிஹன் அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக்குக் கொண்டுவந்தபொழுது, அந்த ஜோடிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. டோனல் லன்னி என்பவர் கீழ்த்தந்திகளின் ஸ்தாயித் துணையை நீக்கி ஒரே சுரத்து ஜோடிகளைக் கட்டினார். அங்கே காரணம் கமகமன்று. பாட்டை இசைக்கும் வயலினுக்கும் குழலுக்கும் அடியில் தெளிந்த மந்தரம் ஒன்று வேண்டியிருந்தது, அதில் மேல் ஸ்தாயி இடையிடையே எட்டிப் பார்த்தால் கீழே நிற்பது எது, மேலே நிற்பது எது என்பது குழம்பிப்போகும்.

நம்முடைய வீணையை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதைச் செய்தவர்கள் நான் மேலே போட்ட கணக்கைப் போடாமலே அதன் விடையை மரத்தில் செதுக்கி வைத்திருப்பது தெரியும். ஏழு தந்தி, ஏழும் சேர்ந்து சொல்வது இரண்டே சுரம். சாரணி ஷட்ஜம், பஞ்சமம் அதற்குக் கீழுள்ள பஞ்சமம், மந்தரம் கீழ் ஷட்ஜம், அனுமந்தரம் அதற்கும் கீழுள்ள பஞ்சமம்; பக்கத்தில் தாளத்துக்கு மீட்டும் மூன்றில், பக்க சாரணி ஷட்ஜம், பக்க பஞ்சமம் மேல் பஞ்சமம், ஹெச்சு சாரணி தார ஷட்ஜம். ஷட்ஜத்துக்கு மூன்று ஸ்தாயி, பஞ்சமத்துக்கு மூன்று ஸ்தாயி. ஸ்தாயித் துணை வேண்டாமென்று ஒதுக்கவே இல்லை. லூட்காரர்களைவிடத் தாராளமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்திலும் ஒரு ஸ்தாயி ஜோடியின் இரு தந்திகளை ஒரு விரலின் கீழே சேர்த்து வைக்கவில்லை. சாரணிக்கும் அதன் கீழ் ஸ்தாயியான மந்தரத்துக்கும் நடுவே பஞ்சமம் நின்று வழிமறிக்கிறது. பஞ்சமத்துக்கும் அனுமந்தரத்துக்கும் நடுவே மந்தரம். விரல் இழுக்கும் தந்தி எப்பொழுதும் ஒற்றைத் தந்தி. இழுபடாத மூன்றும் தண்டியின் பக்கவாட்டில், விரல் அசைக்காத இடத்தில் தனியே ஓடுகின்றன. அவற்றின் பிரடைகளும் தண்டியின் பக்கத்திலேயே இருப்பதால் தந்தியின் நீளம் குறைந்து, தார ஷட்ஜம் அறும் எல்லையைத் தொடாமல் நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் இரவு நடை சாத்துமுன் அரங்கனுக்கு நடக்கும் வீணை ஏகாந்தத்தைக் கேட்டவர்களுக்கு, சாரணியில் ஒரு சுரம் நெளிந்து ஏறி அடங்கும் இடைவெளியில் அந்தப் பக்கத் தந்திகள் அசையாமல் ஒருமுறை சுண்டி ஒலிப்பதன் சுகம் தெரிந்திருக்கும். நெளிவது ஒன்றாகவும் நிலைத்திருப்பது மற்றொன்றாகவும் பிரித்து வைத்ததனால் வந்த சுகம் அது.

பழைய யாழுக்கு இந்தக் கவலையே இல்லை. மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுக்கும், அதாவது ஸ்தாயிகளுக்கும், நரம்பு தனித்தனியே உண்டு; குரல் என்னும் சுரத்தின் நரம்பையும் அதன் வலிவு நரம்பையும் இரண்டு விரலால் ஒருங்கே தெறிக்கலாம். விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலாநந்த அடிகள், கணிதத்தைத் துணைக்கொண்டு அந்த நரம்புகளின் அளவுகளை ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. மெட்டு வைத்த வாத்தியத்தின் நியாயம் வேறு. இங்கே ஒரு தந்தி பல சுரங்களுக்கும் இடையே நடக்க வேண்டியிருக்கிறது.

இது பிரச்சினையின் ஒரு பாதி. தடித்த தந்தியின் முனகலை எப்படிப் போக்கினார்கள் என்பது மற்றப் பாதி. வாழை நார் அதைச் சேர்ந்தது. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில், திருவானைக்காவலில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் பல வருஷங்கள் அவர் கல்கத்தாவில் வயலின் தந்தியையும் மிருதங்கத் தோலையும் ஆராய்வதில் செலவிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1921இல் வீணையையும் தம்புராவையும் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரம் எழும்பாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் மேதைகளின் பெயரால் வழங்கிவந்த விதி. உதாரணமாக, தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் 200, 400, 600 என்னும் இரட்டைப்படைச் சுரங்கள் இல்லாமல் போக வேண்டும். வீணையிலும் தம்புராவிலும் அந்த விதி செல்லாது, இல்லாமல் போக வேண்டிய சுரமே ஓங்கி ஒலிக்கிறது என்று ராமன் காட்டினார்.

காரணம் குதிரையின் வடிவம். வயலினின் குதிரைக்குக் கத்திமுனை போன்ற விளிம்பு. தந்தி அங்கே ஒரு புள்ளியில் திட்டமாக முடிகிறது. வீணைக்கும் தம்புராவுக்கும் குதிரையின் மேற்பரப்பு அகன்று, மெல்ல வளைந்து சரிகிறது. தந்தி கீழே வரும்பொழுது அந்த வளைவின்மேல் படிந்து சற்றே குறுகுகிறது. மேலே போகும்பொழுது விட்டு விலகிச் சற்றே நீளுகிறது. ஒவ்வோர் அதிர்விலும் வளைவை உரசிக்கொண்டு எழும்பும் இந்தத் தொடுகையே தந்தியின் அசைவில் நுண்ணிய முறிவுகளை உண்டாக்கி, கீழ்ச்சுரத்தின் சக்தியில் ஒரு பங்கை மேற்சுரங்களுக்கு இடைவிடாமல் மாற்றிக்கொடுக்கிறது. தம்புராவில் ஜீவாளி நூல் தந்தியை மயிரிழை தூக்கி, அது வளைவின்மேல் எங்கே எவ்வளவு உரசலாம் என்பதை நிர்ணயிக்கிறது. நார் தடித்திருந்தால் தந்தி வளைவைத் தொடாமலே நாரின்மேல் முடிந்துவிடும், நாதம் வயலின் தந்தியை வில்லின்றி விரலால் தெறித்தது போலக் கட்டையாகும். ‘அமுக்கிடுது’ என்று அத்தை சொன்னது சாஸ்திரப்படி சரியான சொல்லன்று. ஆனால் அவள் காது கண்டுபிடித்த இடம் சரியானது. லூட்காரர் பக்கத்துத் தந்தியிடமிருந்து கடன் வாங்கிய அந்த 200ஐயும் 400ஐயும், நம் வாத்தியக்காரர் ஒற்றைத் தந்தியினுள்ளிருந்தே, ஒரு நூல் துணுக்கைச் செருகி எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட பிறகு விரலின் கீழே இரண்டாவது தந்திக்கு வேலை இல்லை.

தம்புராவில் ஸ்தாயித் துணை இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அங்கே விரல் மெட்டை நாடுவதே இல்லை. நான்கு தந்தியும் பிறந்த சுருதியிலேயே இருந்து தீர்க்கும். அதிலும் சாரணியையும் மந்தரத்தையும் ஒருங்கே தெறிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னது அடங்குமுன் பின்னது வந்து சேரும்படி மீட்டுகிறோம். மந்தரத்தின் 200 எழும்பும்பொழுது சாரணியின் 200 இன்னும் காற்றில் இருக்கும். நடுவிலுள்ள சாரணியும் அனுசாரணியும் மட்டும் ஒரே சுரத்து ஜோடி; அவை இரண்டும் இம்மியளவு விலகினாலும் விம்மல் எழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதனால், சுருதி சேர்ப்பவர்கள் அந்த விம்மலைக் கேட்டே, அது நீண்டு நீண்டு நின்றுபோகும் வரை பிரடையைத் திருகுகிறார்கள்.

மாண்டலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அதன் ஜோடிகளைக் கலைத்ததுதான். மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு, ஜோடிக்கு ஒன்றாகத் தந்தியைக் குறைத்து, ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். இத்தாலியர்கள் அந்தச் சிறு வாத்தியத்துக்கு ஜோடித்தந்தி கட்டியது ஒலி போதாதென்று. ஒலியை மின்சாரம் பார்த்துக்கொள்ளுமானால் ஜோடிக்கு அவசியமில்லை. அவசியமில்லாத ஜோடி கமகத்துக்கு இடையூறு. கேட்பவர்கள் அந்த விரல்களின் வேகத்தைக் கண்டு வியந்தார்கள். எனக்கோ, தோடியின் காந்தாரம் அந்த ஒற்றைத் தந்தியில் சண்டையின்றி அசைவதைக் கேட்கும்பொழுதெல்லாம், 0.8க்கும் 0.4க்கும் நடுவே நான் பட்ட பாடு ஞாபகத்துக்கு வரும்.

அந்த இரண்டு கம்பிகளில் தடித்ததை அன்றைக்கே கழற்றி, தோட்டத்துக் கதவுக்குக் கொக்கியாக வளைத்துவிட்டேன். மெல்லியதை வீணாக்க மனமில்லை. புல்புல்தாராவில் ஒரு தந்தி நெடுநாளாக அறுந்து கிடந்தது. நீளம் சரியாக இருந்தது. அதில் கட்டி, பக்கத்துத் தந்திக்கு ஒரு ஸ்தாயி மேலே சேர்த்துக் கட்டையை அழுத்தினேன். கட்டை நேராகக் கீழே இறங்கிற்று, இரண்டு தந்தியும் ஒன்றாக ஒலித்தன. பக்கவாட்டில் இழுக்க அங்கே விரலுக்கு இடமே இல்லை. அத்தை சமையலறையிலிருந்து, “இது யாருடா, அக்காளா தங்கச்சியா?” என்று கேட்டாள்.